காரீயமும் குழந்தையின் பிற்கால வாழ்வும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழில் ஈயம் என்னும் சொல் இரண்டு உலோகங்களைச் சுட்டும். சமையற் பாத்திரங்களுக்குப் பூசப்படுவது வெள்ளீயம். சுவர் வண்ணத்திலும் பெட்ரோலிலும் கலக்கப்பட்டது காரீயம். இக்கட்டுரை பின்னதைப் பற்றியது. காரீயம் நஞ்சு என்பது பண்டைக் காலத்திலேயே அறியப்பட்ட செய்தி. ஆயினும், சிறுவயதில் அதற்கு ஆட்பட்டவரின் நடத்தையில் அதன் சுவடு முதிர்ந்த பின்னும் நீடிக்கக்கூடும் என்பதை நிறுவ ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. இத்தாமதத்திற்குக் கருவிகளின் போதாமை ஒரு காரணம். குழந்தையை எத்தனை ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்ப்பது, அதன் குறைக்கு யாரைப் பொறுப்பாக்குவது என்னும் இரு கேள்விகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பிரிஸ்பேன் வீடுகளின் தாழ்வாரங்கள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள பிரிஸ்பேன் நகரில், குழந்தைகளிடையே காணப்பட்ட காரீய நஞ்சேற்றம் குறித்து 1892ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் எழுதினர். அதன் மூலத்தை லாக்ஹார்ட் கிப்சன் என்னும் கண் மருத்துவர் 1904இல் சுட்டிக் காட்டினார். வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளிலும் சுவர்களிலும் பூசிய வண்ணம் வெயிலில் பொடியாகிக் குழந்தைகளின் விரல்களில் ஒட்டி, வாய்க்குள் சென்றது. குழந்தைகளுக்கு எட்டும் இடங்களில் இவ்வண்ணத்தைப் பூசுவதை 1922இல் குயின்ஸ்லாந்து சட்டம் தடுத்தது. அமெரிக்க ஐக்கிய நாடு வீட்டு வண்ணங்களில் இத்தகைய தடையை 1978இல்தான் விதித்தது. இடைப்பட்ட 56 ஆண்டுகளில் அங்கு எத்தனையோ தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்துவிட்டனர்.

குணமடைந்தோர் எனக் கருதப்பட்டவர்கள்

அக்காலத்தில் காரீய நஞ்சேற்றம் கடும் நோயாகவே கருதப்பட்டது. வலிப்பும் வாந்தியும் நின்று, உயிர் பிழைத்துக் குழந்தை வீடு திரும்பினால் அது குணமடைந்ததாகக் கொள்ளப்பட்டது. இக்கருத்தை அசைத்தவர்கள் பாஸ்டன் நகர மருத்துவர் ராண்டால்ஃப் பையர்ஸும் உளவியலாளர் எலிசபெத் லார்டும் ஆவர். முன்னர்ச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 20 குழந்தைகளை அவர்கள் பள்ளிப் பருவத்தில் தேடிச் சென்று ஆராய்ந்து, முடிவுகளை 1943இல் வெளியிட்டனர். அவர்களுள் 19 பேர் பள்ளி வாழ்வில் பின்தங்கியிருந்தனர். கவனக் குறைவும் அடக்கமுடியாத திடீர்ச் செயல்களும் பலரிடம் காணப்பட்டன. மருத்துவமனைப் பதிவேடு முடியும் இடத்தில் நோய் முடிவதில்லை என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.

ஆயினும் அதன் தாக்கம் உடனே பரவவில்லை. 1950களில் அமெரிக்கக் காரீயத் தொழில் தரப்பினர் இதனைச் சேரிகளின் சிக்கலாகவும் பெற்றோரின் அறியாமையாகவும் சித்திரித்தனர். குழந்தையின் குறைக்கு வண்ணத்தைவிட வீட்டாரே பொறுப்பு என்னும் வாதம், ஆய்வுக்கான கேள்வியையே திசை திருப்பியது எனலாம்.

ஆசிரியர் கண்டதும் பற்கள் கூறியதும்

குருதியில் கலந்த காரீயம் சில வாரங்களில் குறைந்துவிடும். எனவே, நோயறிகுறி ஏதுமின்றிப் பள்ளியில் அமர்ந்திருக்கும் குழந்தை முன்னர் எவ்வளவு காரீயத்தை உட்கொண்டது என்பதைக் குருதிச் சோதனை காட்டாது. கால்சியத்தைப் போலவே எலும்பிலும் பல்லிலும் காரீயம் படியும் இயல்பினது. இவ்வியல்பைப் பயன்படுத்தியவர் ஹெர்பர்ட் நீடில்மேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செல்சி, சாமர்வில் ஆகிய ஊர்களில் முதலிரு வகுப்புக் குழந்தைகளின் விழுந்த பாற்பற்களைத் திரட்டி அவர் அளந்தார். அக்குழந்தைகளின் வகுப்பறை நடத்தையை, பல்லின் அளவை அறியாத ஆசிரியர்களே மதிப்பிட்டனர். 1979இல் வெளிவந்த முடிவின்படி, பல்லில் காரீயம் மிகுந்தோறும் கவனச்சிதறலும் ஒழுங்கின்மையும் மிகுந்தன. ஆசிரியரின் அன்றாடக் கூர்நோக்கு அறிவியற் சான்றாக உயர்ந்த அரிய தருணம் இதுவாகும்.

அதே குழந்தைகளுள் 132 பேரை அவர் மீண்டும் கண்டறிந்து ஆராய்ந்தார். 1990இல் வெளியான அவ்வாய்வு, காரீயம் மிகுந்திருந்தோர் உயர்நிலைப் பள்ளியை முடிக்காமல் விலகும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு என்று காட்டியது. 1991இல் அவர்மீது ஆய்வு நெறிமுறை மீறல் குற்றஞ்சாட்டப்பட்டது. விசாரணைகளின் முடிவில் அக்குற்றச்சாட்டு நிலைபெறவில்லை.

வளர்ந்தோரிடம் காணப்பட்ட சுவடுகள்

சின்சினாட்டி நகரில் 1979 முதல் 1984 வரை கருவுற்றிருந்த தாய்மார் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். அவர்களின் பிள்ளைகளுள் 250 பேர் 19 முதல் 24 வயதினராய் இருந்தபோது அவர்களின் கைதுப் பதிவுகள் ஆராயப்பட்டன. ஆறு வயதில் ஒரு டெசிலிட்டர் குருதியில் இருந்த காரீயம் 5 மைக்ரோகிராம் கூடுந்தோறும், வன்முறைக் குற்றத்திற்குக் கைதாகும் விகிதம் 1.48 மடங்கானது என 2008இல் வெளியான முடிவு கூறியது. எனினும், அவ்வாய்வில் இடம்பெற்றோர் பெரும்பாலும் நகரத்து ஏழைக் குடும்பத்தினர். வறுமையின் விளைவையும் காரீயத்தின் விளைவையும் முற்றாகப் பிரித்தறிவது எளிதன்று.

இங்குதான் நியூசிலாந்தின் டுனீடின் ஆய்வு துணைநிற்கிறது. 1972-73இல் பிறந்த 1,037 பேரை அது தொடர்ந்து கவனித்து வருகின்றது. அங்கு வாகனப் புகையில் கலந்த காரீயம் செல்வர், வறியர் என்னும் வேறுபாடின்றி அனைவரையும் தொட்டது. பதினோரு வயதில் காரீய அளவு மிகுந்திருந்தோர் 38 வயதிலும் அறிவுத்திறன் சோதனையில் சற்றே பின்தங்கியதை 2017இலும், உளநலக் குறைபாடுகள் அவர்களிடம் ஓரளவு மிகுந்திருப்பதை 2019இலும் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆனால், குற்றச்செயலோடு காரீயத்திற்குள்ள தொடர்பு அங்கு வலுவற்றதாகவே காணப்பட்டது என்பதை 2018ஆம் ஆண்டு ஆய்வு பதிவு செய்கின்றது. ஆகவே, காரீயம் குற்றவாளிகளை உருவாக்குகிறது என்று பொதுமையாக்குதல் சான்றுகளுக்குப் பொருந்தாது. கவனமும் தன்னடக்கமும் குன்ற அது ஒரு காரணமாகலாம். எஞ்சியதைக் குடும்பமும் பள்ளியும் சமூகமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

முடிவுரை

அமெரிக்காவில் 1960களில் ஒரு டெசிலிட்டர் குருதியில் 60 மைக்ரோகிராம் வரை ஏற்கத்தக்கதாகக் கருதப்பட்டது. குழந்தைகளுக்கான கண்காணிப்பு அளவு அங்கு 2021இல் 3.5 ஆகக் குறைக்கப்பட்டது. நெடுங்காலம் பின்தொடர்ந்து நோக்கியதன் பயனே இம்மாற்றம். சிங்கப்பூர் 1998இல் காரீயம் கலந்த பெட்ரோலைக் கைவிட்டது. உலகில் இறுதியாக அல்ஜீரியா 2021இல் கைவிட்டது. ஆயினும் சிக்கல் முடிந்துவிடவில்லை. மூன்று குழந்தைகளுள் ஒருவருக்கு, அதாவது ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளுக்கு, 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட அளவு உள்ளதென யுனிசெஃப் 2020இல் மதிப்பிட்டது. பழைய மின்கலங்களை முறையின்றி உருக்குவது அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகும்.

இவ்வரலாறு ஆசிரியர்க்கு இரு செய்திகளைக் கூறுகிறது. அடங்காப் பிள்ளை, மந்தப் பிள்ளை என்று வகுப்பில் நாம் இடும் பெயர்கள், அப்பிள்ளை தேர்ந்துகொள்ளாத ஒன்றின்மேல் இடப்பட்ட பெயர்களாக இருக்கக்கூடும். அதேபோல், காரீயம் உண்டவன் திருந்தான் என்று முத்திரை குத்துவதற்கும் இவ்வாய்வுகள் இடந்தரவில்லை. கண்டதைக் கண்டவாறு குறித்துவைத்த ஆசிரியர்களால்தான் செல்சியிலும் சாமர்வில்லிலும் உண்மை வெளிப்பட்டது. தீர்ப்புக் கூறுமுன் கூர்ந்து நோக்கும் அப்பழக்கமே இவ்வரலாற்றிலிருந்து நாம் வகுப்பறைக்குக் கொண்டு செல்லத்தக்கது.