பசி பிறக்குமிடம்

பசி என்றதும் மக்கள் வயிற்றையே தொட்டுக் காட்டுவர். விஞ்ஞானிகளும் நெடுங்காலம் அங்ஙனமே கருதினர். 1912ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் வால்ட்டர் கானன் என்பார், தம் மாணவராகிய வாஷ்பர்னை ஒரு ரப்பர் பலூனை விழுங்கச் செய்து, இரைப்பை சுருங்கும் வேளையும் பசிவேதனை தோன்றும் வேளையும் ஒன்றாதலைக் கருவியாற் பதிவு செய்து காட்டினார். தாகமென்பது வாய் வறட்சியே என 1918இல் அவரே மொழிந்தார். ஆயினும், இரைப்பை முழுதும் அறுத்தெடுக்கப்பட்ட நோயாளி ஒருவருக்கும் பசி தோன்றியமை 1931இல் அறிவிக்கப்பட்டது. இல்லாத இரைப்பை எங்ஙனம் சுருங்கும்?

இதற்கு விடை தேடியவருள் பால் கிருஷ்ண ஆனந்த் என்னும் இந்தியர் ஒருவர். பிற்காலத்தே டில்லியில் உடலியல் கற்பித்தவர். 1951இல் யேல் சர்வகலாசாலையில் ஜான் புரோபெக் என்பாருடன் கூடி, எலிகளின் மூளையடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதியின் ஓரங்களை ஊசிவழி மின்சாரஞ் செலுத்தி அழித்தார். இரு பக்கமும் அழிந்த எலிகள், கூட்டினுள் உணவிருக்கவும் அதனைத் தொடாது பட்டினியால் மாண்டன. பசியை வென்றவரென்று தவசிகளைக் கும்பிடும் நாம் இவ்வெலிகளை எவ்வகைத் தவத்திற் சேர்ப்போமோ அறியேன்!

வேலைக்கு வராதவன் பெயருக்கெதிரே காரணம் எழுதுவது என் தொழில். சோறு தண்ணீர் வேண்டாமென்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவனுக்கும் 'சோம்பல்' என்றே எழுதியிருக்கிறேன். ஒரு சொல், எழுதக் கணப்பொழுதும் ஆகவில்லை.

1954இல் டைட்டெல்பாம், ஸ்டெல்லர் என்னும் இருவர் அத்தகைய எலிகளைச் சாகவிடாமல் குழாய்வழி உணவூட்டிக் காத்தனர். சில நாட்கள், சில வாரங்கள் சென்றபின் அவை தாமே உண்ணத் தொடங்கின! முன்னர் மாண்டவற்றுள்ளும் எத்தனை பிழைத்திருக்குமோ?

தாகத்தின் கதையும் இதுவே. ஸ்வீடன் தேசத்து பெங்ட் ஆண்டர்சன், ஆடுகளின் ஹைப்போதலாமஸில் உப்புநீரைச் சிறிதளவு செலுத்தியவுடன், அவை தாகமின்றி நின்றவையாயினும் நீரை மொண்டு குடித்தன. 1953இல் இதை அவர் வெளியிட்டார்.

அந்நாட்டினரான ஊங்கெர்ஷ்டெட் 1971இல் மற்றொன்றையும் கண்டார். ஹைப்போதலாமஸின் ஓரமாகச் செல்லும் நரம்பிழைகள் சில, டோபமைன் என்னும் பொருளைச் சுமந்து மூளையின் வேறு பகுதிகட்குச் செல்கின்றன. அவ்விழைகளை மட்டும் அழிப்பினும் எலி உண்ணவில்லை, பருகவுமில்லை. ஆனந்த் அழித்த இடம் பசியின் வீடு மட்டுமன்று, உந்தலின் பாதையுமாம்.

1995இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் சௌ, பால்மிட்டர் என்போர் டோபமைனை உண்டாக்க இயலாத சுண்டெலிகளைப் பிறப்பித்தனர். அவற்றால் நடக்க இயலும், விழுங்க இயலும். உணவைத் தேடிச் செல்லும் முனைப்பே இல்லை. எல்-டோபா என்னும் மருந்தை ஊசியாற் செலுத்தியதும் எழுந்து உண்டன. சில மணிநேரங் கழிந்து மருந்தின் வலி குன்றியதும், உணவின் அருகிலேயே மீண்டும் அசைவற்றிருந்தன.