மூளைச் சமிக்ஞையால் கையை இயக்கும் அணிகருவிகள்

பக்கவாதத்தாலோ தண்டுவடக் காயத்தாலோ செயலிழந்த கையை, அதற்குரியவரின் மூளையில் எழும் மின் சமிக்ஞைகளைக் கொண்டே மீண்டும் அசைய வைக்கும் கருவிகள். முன்கையில் சுற்றும் பட்டை, விரல்கள்மேல் பொருத்தும் மோட்டார் கூடு எனப் பல வடிவங்களில் இவை உள்ளன. பெரும்பாலானவற்றில் தலைக்கு ஒரு மின்முனைத் தொப்பியும், சமிக்ஞையைப் பகுத்தறிய ஒரு கணினியும் சேர்ந்தே இருக்கும்.

பக்கவாதம் முதலில் தாக்குவது தசையை அல்ல. மூளையின் ரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ, கைக்குக் கட்டளையிடும் பகுதியோ அதன் நரம்புப் பாதையோ பழுதாகிறது. கையை விரிக்க வேண்டும் என்ற எண்ணம் பிறக்கிறது. தசைக்குப் போய்ச் சேருவதில்லை. அந்த இடைவெளியைக் கடக்க உதவுவதே இக்கருவிகளின் வேலை.

இயங்கும் முறை

மனித மூளையின் மின்னலைகளை 1924இல் முதன்முதலாகப் பதிவு செய்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். ஒருவர் வலது கையை அசைக்க முயன்றால், இடப்பக்க மூளையின் இயக்கப் பகுதியில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான ஓர் அலை தணிகிறது. அசைப்பதாக மனத்தில் நினைத்தாலும் அது தணியும். கையை அசைக்க முடியாதவரிடமும் இந்த மாற்றத்தைக் காண முடிவதுதான் இத்துறையின் அடிப்படை.

பயிற்சிக்கு வருபவரைத் தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டு வரச் சொல்வார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மைக்ரோவோல்ட் அளவிலான சமிக்ஞை மின்முனைக்குச் சரியாக எட்டாது. தொப்பியை மாட்டி, ஒவ்வொரு மின்முனையின் அடியிலும் பசை போன்ற ஜெல்லை விடுவார்கள். திரையில் குறி தோன்றியதும் அவர் கையை விரிக்க முயல்கிறார். கணினி அந்த முயற்சியை அலையில் கண்டுகொண்டால், மோட்டார் விரல்களை விரிக்கும். அல்லது தோலின் வழியே செலுத்தும் சிறு மின்துடிப்பு தசையைச் சுருக்கும். பின்னர் அடுத்த குறி. அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் நினைப்பும் அசைவும் ஒரே கணத்தில் கூடுவதால் எஞ்சிய நரம்பு வழிகள் வலுப்படும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 2018இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்றில் நாள்பட்ட பக்கவாத நோயாளிகள் 27 பேர் கலந்துகொண்டனர். மூளைச் சமிக்ஞையோடு இணைத்து மின்துடிப்பு பெற்றவர்கள், இணைக்காமல் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினர்.

வளர்ச்சி

அமெரிக்காவின் ஒஹாயோவில் 2014இல், கழுத்துத் தண்டுவடம் முறிந்த இளைஞர் ஒருவரின் மூளைக்குள் சில்லு பொருத்தி, முன்கைப் பட்டையின் வழியாகக் கையை அசைக்க வைத்தனர். அதற்கு மண்டையோட்டைத் திறக்கும் அறுவை தேவைப்பட்டது. அறுவை வேண்டாத ‘இப்சிஹேண்ட்’ கருவிக்கு அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் 2021 ஏப்ரலில் அனுமதி தந்தது. பழுதாகாத பக்கத்து மூளையின் சமிக்ஞையைப் படிப்பது அதன் சிறப்பு.

இந்தியாவில் கான்பூர் ஐஐடியின் ஆஷிஷ் தத்தா குழு பல ஆண்டுகள் உழைத்து, மூளைச் சமிக்ஞையில் இயங்கும் கைக்கூடு ஒன்றை உருவாக்கியது. இந்தியாவிலும் பிரிட்டனிலுமாக 8 நோயாளிகளிடம் நடத்திய முன்னோடிச் சோதனையில் நல்ல பலன் கிடைத்ததாக 2025இல் அறிவித்தது. 8 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. பெரிய சோதனைகள் நடந்தாக வேண்டும்.

காஞ்சிபுரத்தை ஒட்டி

கைத்தொழிலால் வாழும் காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் வேலூர், கிழக்கே அதே அளவு தொலைவில் சென்னை. செயலிழந்த கைக்கு உயிர் கொடுப்பதில் வேலூருக்கு நீண்ட வரலாறு உண்டு. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் தசைநாண் மாற்று அறுவையை 1940களின் இறுதியில் அங்குதான் தொடங்கினார். அவரிடம் பயின்ற மேரி வர்கீஸ், 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தும் சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை செய்தார். அவர் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு நிலையம் 1966இல் திறக்கப்பட்டது. இன்று வேலூர் சிஎம்சியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கிய ‘புளூட்டோ’ கைப்பயிற்சி ரோபோ அந்த வழியில் வந்ததே. ஒரே மோட்டாரில் வெவ்வேறு பிடிகளை மாற்றி மாட்டி மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் பயிற்சி தரும் எளிய பொறி அது. மூளை அலையை அது படிப்பதில்லை. வீட்டுக்கே கொண்டுபோக முடியும் என்பதால், இப்போதைக்கு நம் ஊர்களுக்கு அதுவே நெருக்கமானது.

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்து நெசவாளருக்குக் கை திரும்புவது என்றால் என்ன? கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் இணைக்க மூன்று நாடாக்கள் ஓடும். இருவர் ஒத்துக் கைகொடுக்க வேண்டும். பாவில் ஓர் இழை அறுந்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தடவிக் கண்டுபிடித்து முறுக்கிச் சேர்க்கும். இன்றைய கருவிகள் பெரும்பாலும் தருவது விரிப்பதும் மூடுவதும்தான். டம்ளரைப் பிடிக்கலாம், சட்டைக்குள் கையை நுழைக்கலாம். குடும்பத்துக்கு அதுவே பெரும் ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால் பட்டிழையைத் தொட்டறியும் நுண்மையை எந்தக் கருவியும் இன்னும் மீட்டுத் தரவில்லை. கைத்தொழிலால் வாழும் ஊருக்கான கருவியை அந்த நுண்மையை வைத்தே மதிப்பிட வேண்டும்.

பக்கவாதத்துக்குப் பின் முதல் சில மாதங்களில்தான் கை மிக வேகமாகத் தேறும். கருவி வரட்டும் என்று அந்தக் காலத்தைக் கழிய விடக் கூடாது. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறுங்கள். வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.