இணைய விளையாட்டுகளில் கிளெரிக்: தொடக்க நிலையின் வரலாறு

கிளெரிக் என்பது கனவுருப்புனைவு விளையாட்டுகளில் வரும் சமயகுருப் பாத்திரம் ஆகும். காயம்பட்ட கூட்டாளிகளைக் குணப்படுத்துவது, இறந்தவர்களை எழுப்புவது, பிணப்பேய்களை விரட்டுவது ஆகியவை இதன் முதன்மையான வேலைகள். போர்வீரனைப் போல வாள் வீசியோ, மந்திரவாதியைப் போல நெருப்பு எறிந்தோ இப்பாத்திரம் தனியாக விரைந்து முன்னேற முடியாது. அருகில் பிறர் இருந்தால்தான் இதன் திறமைக்குப் பயன் உண்டு. ஆகவே, புதிதாக ஒருவர் கிளெரிக்காக எப்படித் தொடங்கினார் என்பதன் வரலாறு, விளையாடுபவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு சார்ந்திருந்தனர் என்பதன் வரலாறாகவும் அமைகிறது.

தோற்றம்

கிளெரிக் முதலில் தோன்றியது கணினியில் அல்ல, மேசையில். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவ் ஆர்னசன் தம் நண்பர்களுடன் 'பிளாக்மூர்' என்ற விளையாட்டை நடத்திவந்தார். அதில் ஒருவரின் பாத்திரமான 'சர் ஃபாங்' இரத்தக் காட்டேரியாக மாறி, யாராலும் அடக்க முடியாத அளவுக்கு வலுப்பெற்றது. அதை எதிர்கொள்ளவே ஒரு சமயகுருப் பாத்திரம் உருவாக்கப்பட்டது. மைக் கார் என்பவர் அதை ஏற்று விளையாடினார். பிரித்தானியாவின் ஹாமர் நிறுவனம் எடுத்த டிராகுலா படங்களில் வரும் காட்டேரி வேட்டைக்காரரின் சாயல் அதில் இருந்தது.

1974-இல் ஆர்னசனும் கேரி கைகாக்சும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டபோது, போர்வீரன், மந்திரவாதி ஆகியோருடன் மூன்றாவது வகுப்பாக கிளெரிக் இடம்பெற்றது. கிளெரிக் கூர்முனை ஆயுதங்களை ஏந்தக் கூடாது, தண்டாயுதம் போன்றவற்றையே பயன்படுத்த வேண்டும் என்பது அதன் விதி. 1066-ஆம் ஆண்டு ஹேஸ்டிங்ஸ் போரைச் சித்திரிக்கும் பேயூ திரைச்சீலையில் ஓடோ என்ற ஆயர் கையில் தடியோடு காணப்படுவதை இவ்விதியோடு தொடர்புபடுத்திப் பேசுவதுண்டு. விளையாட்டுக்குள் இவ்விதிக்கு வேறொரு பயனும் இருந்தது. மாய வாள்கள் போர்வீரனுக்கே உரியவை ஆயின; ஒரே பாத்திரம் எல்லாவற்றையும் பெற்றுவிடுவது தடுக்கப்பட்டது.

மந்திரம் இல்லாத முதல் நிலை

1974-ஆம் ஆண்டு விதிகளின்படி முதல் நிலைக் கிளெரிக்குக்கு மந்திரம் எதுவும் கிடையாது. இரண்டாம் நிலையை எட்டிய பிறகே ஒரு மந்திரம் கிடைக்கும். அதுவரை அவர் கையில் இருப்பவை தடியும் கவசமும் பிணப்பேய்களை விரட்டும் ஆற்றலுமே. இரண்டு பகடைகளை உருட்டி 7 அல்லது அதற்கு மேல் விழுந்தால் எலும்புக்கூடுகள் பின்வாங்கும். மற்றபடி குணப்படுத்துபவர் என்று பெயர் பெற்றவரால் முதல் நிலையில் யாரையும் குணப்படுத்த முடியாது. அந்த ஒரு நிலையைக் கடக்கக் குழுவின் துணை வேண்டும். கடந்த பின் குழுவுக்கு அவர் வேண்டும். பின்னர் வந்த இணைய விளையாட்டுகளும் இந்தக் கொடுக்கல் வாங்கலின் மீதே எழுந்தன.

எழுத்து வழி உலகங்கள்

1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் 'மட்' என்ற விளையாட்டை உருவாக்கத் தொடங்கினர். பலர் ஒரே நேரத்தில் நுழையக்கூடிய அந்த உலகம் முழுவதும் எழுத்துகளால் ஆனது. 1991-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் வெளியிட்ட 'டிகுமட்', மேசை விளையாட்டின் வகுப்புகளை இணையத்துக்குக் கொண்டுவந்தது. இதில் கிளெரிக்காகத் தொடங்குபவர் மிட்கார்ட் நகரில் தம் வகுப்பின் ஆசானிடம் சென்று மந்திரங்களைப் பயிற்சி செய்ய வேண்டும். செலவான மானா எனும் மந்திர வலு மீண்டும் சேரும்வரை ஓய்வெடுக்க வேண்டும். கிளெரிக்கின் வாழ்வில் காத்திருத்தல் ஒரு பகுதியானது இவ்வாறே.

எவர்குவெஸ்டில் தொடங்குதல்

1999 மார்ச் 16 அன்று வெளிவந்த 'எவர்குவெஸ்ட்', டிகுமட் வழிவந்த முறைகளை முப்பரிமாண உலகில் அமைத்தது. அதன் உலகின் பெயர் நோராத். இங்கே கிளெரிக்காகத் தொடங்குபவர் முதலில் இனத்தையும் வழிபடும் தெய்வத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். குள்ளர் இனத்தவர் காலடிம் நகரிலும், உயர் எல்ஃப் இனத்தவர் ஃபெல்வித் நகரிலும், இருள் எல்ஃப் இனத்தவர் நெரியாக் நகரிலும் தொடங்கினர். இத்தேர்வு வெறும் தோற்றத்துக்கானது அல்ல. இருள் எல்ஃப் ஒருவர் பல நகரங்களின் வாயிலை நெருங்கினாலே காவலர்கள் தாக்கினர். மானாவின் அளவை ஞானம் என்ற பண்பு தீர்மானித்ததால், தொடக்கப் புள்ளிகளை அதில் சேர்ப்பது வழக்கமாக இருந்தது.

முதல் நிலையில் கையில் ஒரு தடியும், சிறு காயம் ஆற்றுவது உள்ளிட்ட சில எளிய மந்திரங்களும் இருந்தன. புதிய மந்திரங்கள் 5, 9, 14 என இடைவெளி விட்டே கிடைத்தன. மானா விரைவில் சேர வேண்டுமானால் தரையில் அமர வேண்டும். விளையாட்டின் முதல் ஆண்டுகளில், அமர்ந்து தியானிக்கும்போது மந்திர நூல் திரையை மறைத்துக்கொள்ளும். எதிரி நெருங்குவதைக் கிளெரிக்கால் பார்க்க முடியாது. அருகில் இருப்பவர் சொல்ல வேண்டும். இந்தக் காத்திருப்பு நேரத்தில்தான் குழுவினர் பேசிக்கொண்டனர், அறிமுகமில்லாதவர்கள் நண்பர்களாயினர்.

சார்ந்திருத்தலின் பயனும் சுமையும்

எவர்குவெஸ்டில் அக்காலத்தில் இறந்தவரின் உடைமைகள் அவருடைய உடலோடு விழுந்த இடத்திலேயே கிடந்தன. அனுபவப் புள்ளிகளும் குறையும். 49-ஆம் நிலைக் கிளெரிக் ஒருவர் எழுப்பினால் இழந்த புள்ளிகளில் 90 விழுக்காடு திரும்பக் கிடைக்கும். பல மணி நேர உழைப்பைக் காப்பாற்றித் தரும் கிளெரிக்கை அறிந்துவைத்திருப்பது பெரும் செல்வமாகக் கருதப்பட்டது.

மறுபுறம் சுமையும் கூடியது. 39-ஆம் நிலையில் கிடைக்கும் முழுக் குணமாக்கல் மந்திரத்தை ஓதி முடிக்க 10 வினாடி ஆகும். பெரிய எதிரிகளோடு மோதும்போது பல கிளெரிக்குகள் வரிசை எண் வைத்துக்கொண்டு, சில வினாடி இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக இதை ஓதினர். ஒருவர் தவறினால் முன்னணி வீரர் இறப்பார். மொத்தக் குழுவும் வீழும். வெற்றியில் வாளுக்குப் பெயர் கிடைத்தது. தோல்வியில் முதல் கேள்வி கிளெரிக்கிடம் வந்தது.

பிற்கால மாற்றங்கள்

2004 நவம்பரில் வெளியான 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இப்பாத்திரத்தின் தொடக்கத்தை எளிதாக்கியது. அதன் குருவுக்கு முதல் நிலையிலேயே தாக்கும் மந்திரமும் காயம் ஆற்றும் மந்திரமும் இருந்தன. சிறு பணிகளை முடித்துத் தனியாகவே மேலே செல்ல முடிந்தது. 2009 டிசம்பரில் குழுவைத் தானாக அமைக்கும் வசதி வந்தது. நட்பைத் தேடி அலைய வேண்டிய தேவை குறைந்தது. பணி முடிந்ததும் ஒரு சொல் பேசாமல் பிரிவதும் இயல்பாயிற்று.

2012-இல் வந்த 'கில்டு வார்ஸ் 2' இன்னும் ஒரு படி சென்று, குணப்படுத்துவதற்கெனத் தனி வகுப்பே வேண்டாம் என்று முடிவு செய்தது. ஒவ்வொருவரும் தம்மைத் தாமே குணப்படுத்திக்கொண்டனர். வீழ்ந்தவரை யாரும் தூக்கிவிடலாம். குணப்படுத்துபவர் கிடைக்காமல் மணிக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இது விடுதலையாக இருந்தது. ஆயினும் 2015-இல் வெளியான அதன் விரிவாக்கத்தில், பெருங்குழுப் போர்களோடு சேர்ந்து, பிறரைக் குணப்படுத்துவதில் சிறந்த 'டுரூயிட்' பாத்திரமும் வந்து சேர்ந்தது. நீக்கப்பட்ட பணி மூன்றே ஆண்டுகளில் வேறு பெயரில் திரும்பியது.

மந்திரமற்ற முதல் நிலையும், திரையை மறைத்த நூலும் இன்றைய விளையாட்டுகளில் பெரும்பாலும் இல்லை. அவை விளையாடுபவரின் நேரத்தை விழுங்கின என்பது உண்மை. அருகில் இருப்பவரை நம்பியே ஆக வேண்டிய நிலையையும் அவையே உருவாக்கின. இவ்விரண்டில் எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு புதிய விளையாட்டும் தன் கிளெரிக்கின் முதல் நிலையிலேயே விடை சொல்கிறது.