பீட்டா இரும்பும் அணுக்களின் அதிர்வும்

பீட்டா இரும்பு என்பது, 770 டிகிரி செல்சியசுக்கும் 912 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் இருக்கும் திண்ம இரும்புக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இடப்பட்ட பெயர் ஆகும். இன்று இப்பெயர் வழக்கில் இல்லை. உலோகவியல் நூலில் இரும்பு–கார்பன் வரைபடத்தைப் பார்க்கும் மாணவர் அதில் ஆல்ஃபா, காமா, டெல்டா என்னும் கிரேக்க எழுத்துகளைக் காண்பார். ஆல்ஃபாவுக்கும் காமாவுக்கும் நடுவில் வரவேண்டிய பீட்டா அங்கே இருக்காது. இது அச்சுப்பிழை அன்று. அந்த எழுத்து ஒரு காலத்தில் வரைபடத்தில் இருந்தது. அறிஞர்கள் அதற்காகப் பல ஆண்டுகள் வாதிட்டனர். பின்னர் அது நீக்கப்பட்டது. நீக்கியது சரியே. ஆனால் அந்த எழுத்து எதைச் சுட்டியதோ அந்த மாற்றம் இல்லையென்றால், இரும்பு நாம் அறிந்த இரும்பாக இருந்திராது.

இன்று ஏற்கப்பட்டுள்ள செய்திகளை முதலில் சொல்லிவிடலாம். அறை வெப்பநிலையில் இரும்பின் அணுக்கள் பொருள் மைய கனசதுர அமைப்பில் உள்ளன. அதாவது கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் அதன் நடுவிலும் அணுக்கள் இருக்கும். இது ஆல்ஃபா இரும்பு. 912 டிகிரியில் அமைப்பு மாறி, மூலைகளிலும் ஆறு முகங்களின் மையங்களிலும் அணுக்கள் அமையும் முகப்பு மைய கனசதுரம் உண்டாகிறது. இது காமா இரும்பு. 1394 டிகிரியில் மீண்டும் பழைய பொருள் மைய அமைப்பே திரும்புகிறது. இதற்கு டெல்டா இரும்பு என்று பெயர். 1538 டிகிரியில் இரும்பு உருகுகிறது. இதற்கிடையே 770 டிகிரியில் இரும்பு தன் வலிய காந்தத்தன்மையை இழக்கிறது. சிக்கல் முழுவதும் இந்த 770இல்தான் இருந்தது.

பீரங்கியும் கம்பியும்

இரும்பு திண்மமாக இருக்கும்போதே உள்ளுக்குள் மாறுகிறது என்பது முதலில் தொழிற்சாலையில்தான் புலப்பட்டது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகிலுள்ள ஒபுகோவ் எஃகாலையில் வார்க்கப்பட்ட பீரங்கிகள் சில சோதனையின்போதே வெடித்தன. காரணத்தைக் கண்டறியும் பொறுப்பு திமித்ரி செர்னோவ் என்னும் பொறியாளரிடம் வந்தது. உடைந்த பரப்புகளை ஆராய்ந்த அவர், எஃகு எந்த வெப்பம் வரை காய்ச்சப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் மணிகள் பருமனாகவோ நுண்மையாகவோ அமைகின்றன என்று கண்டார். குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்குக் கீழே காய்ச்சிய எஃகை எவ்வளவு விரைவாகக் குளிர்வித்தாலும் அது கடினமாவதில்லை என்பதையும் கவனித்தார். 1868ஆம் ஆண்டு இவற்றை அவர் வெளியிட்டார். அவ்வளவு உயர்ந்த வெப்பத்தை நம்பகமாக அளக்கும் கருவி அவரிடம் இல்லை. எஃகு ஒளிரும் நிறத்தைக் கண்ணால் பார்த்தே அவர் புள்ளிகளைக் குறித்தார். கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததும் இதுவே. செர்னோவ் அதை அறிவியலாக்கினார்.

அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் ஜார்ஜ் கோர் வேறொன்றைக் கண்டார். இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பியைச் செஞ்சூடாக்கி ஆறவிட்டபோது, அது சுருங்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் சட்டென்று கணநேரம் நீண்டு, பிறகு மறுபடியும் சுருங்கியது. குளிரும் பொருள் நீள்வதா என்று வியப்புத் தோன்றும். முகப்பு மைய அமைப்பில் அணுக்கள் இடத்தின் 74 விழுக்காட்டை நிரப்புகின்றன. பொருள் மைய அமைப்பில் 68 விழுக்காட்டை மட்டுமே. ஆகவே நெருக்கமான காமா தளர்வான ஆல்ஃபாவாக மாறும்போது கம்பி விரிகிறது. இந்த விளக்கம் கோருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

1873இல் வில்லியம் பாரெட் இதே கம்பியில் மற்றொரு வியப்பைக் கண்டார். ஆறிக் கருத்துவந்த கம்பி, ஒரு கணம் தானாகவே மீண்டும் பளிச்சென்று ஒளிர்ந்தது. நீர் பனிக்கட்டியாகும்போது உள்ளுறை வெப்பத்தை வெளிவிடுவது போல, இரும்பும் உள்ளமைப்பு மாறும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அதனால்தான் இந்த மறு ஒளிர்வு. (இதே பாரெட்தான் பிற்காலத்தில் ஆவிகள், தொலைவுணர்வு ஆகியவற்றை ஆராயும் சங்கம் ஒன்றை நிறுவியவர்களுள் ஒருவர் ஆனார்.)

ஓஸ்மாண்ட் இட்ட எழுத்துகள்

கண்ணால் கண்டவற்றை எண்ணாக்கியவர் பிரான்சின் புளோரிஸ் ஓஸ்மாண்ட். இதற்கு அவருக்குத் துணைநின்றது, அந்நாட்டு வேதியியலர் லெ சாட்லியே அப்போதுதான் செம்மைப்படுத்தியிருந்த பிளாட்டினம், ரோடியம் கொண்ட வெப்ப மின்னிரட்டை. இரும்புத் துண்டைக் காய்ச்சி ஆறவிட்டு, ஒவ்வொரு படி வெப்பநிலை இறங்கவும் எத்தனை வினாடி ஆகிறது என்று ஓஸ்மாண்ட் குறித்தார். இறக்கம் எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கே உள்ளே ஏதோ நடக்கிறது என்று பொருள். 1887இலும் அடுத்த ஆண்டிலும் வெளிவந்த அவரது ஆய்வுகளில் இத்தகைய நிறுத்தங்கள் பல வரிசைப்படுத்தப்பட்டன. ‘நிறுத்தம்’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்தை அவர் அவற்றுக்கு இட்டார். ‘ஏ1’, ‘ஏ2’, ‘ஏ3’ என்று இன்றும் மாணவர்கள் படிப்பது அந்த எழுத்தைத்தான்.

கார்பன் மிகக் குறைந்த இரும்பில் இரண்டு நிறுத்தங்கள் தெரிந்தன. எனவே இரும்புக்கு மூன்று புறவேற்றுமை வடிவங்கள் உண்டு என்று முடிவாயிற்று. கீழே ஆல்ஃபா, நடுவே பீட்டா, மேலே காமா. ஆல்ஃபாவும் பீட்டாவும் பிரியும் இடம்தான் காந்தத்தன்மை மறையும் 770 டிகிரி.

இத்துடன் நின்றிருந்தால் பெரிய சண்டை எழுந்திராது. பழுக்கக் காய்ச்சிய எஃகை நீரில் தோய்த்தால் ஏன் கடினமாகிறது என்ற பழங்கேள்விக்கும் பீட்டாவே விடை என்று ஓஸ்மாண்ட் கூறினார். பீட்டா இரும்பு இயல்பிலேயே கடினமானது. விரைவாகக் குளிர்விக்கும்போது ஆல்ஃபாவாக மாற நேரமின்றி அது அப்படியே சிக்கிக்கொள்கிறது என்பது அவர் கருத்து. ஷெஃபீல்டு நகரின் ஜான் ஆலிவர் ஆர்னால்டு போன்றோர் இதை ஏற்கவில்லை. கடினத்துக்குக் காரணம் கார்பனே என்பது அவர்கள் கட்சி. கார்பனற்ற இரும்பை எத்தனை முறை தோய்த்தாலும் அது கடினமாகாது. மேலும் பீட்டா காந்தத்தன்மை அற்றது; தோய்த்த எஃகோ காந்தத்தில் நன்றாக ஒட்டும். இந்த இரண்டு தடைகளையும் பீட்டாக் கட்சியினர் நேராகத் தாண்டவில்லை என்றே சொல்ல வேண்டும். இருந்தும் வாதம் 20ஆம் நூற்றாண்டு வரை இழுத்தது. அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்று பார்க்க வழியில்லாத காலம் அது. ஆகவே இரு தரப்பும் வெப்பத்தையும் கடினத்தையும் வைத்தே வழக்காட வேண்டியிருந்தது.

1895இல் பியேர் கியூரி தம் முனைவர் பட்ட ஆய்வில் இரும்பின் காந்தத்தன்மையை உயர் வெப்பநிலைகளில் அளந்தார். அது 770ஐ நெருங்க நெருங்கக் குறைந்துகொண்டே போவதைக் கண்டார். நீர்மத்துக்கும் வாயுவுக்கும் வேறுபாடு மறையும் மாறுநிலைப் புள்ளியை இது ஒத்திருப்பதாக அவர் சுட்டிக்காட்டினார். 1907இல் பியேர் வைஸ் இதற்குக் கோட்பாட்டு விளக்கம் தந்தார். அணுக்கள் ஒவ்வொன்றும் சிறு காந்தங்கள். ஒன்றையொன்று ஒரே திசையில் நிறுத்துகின்றன. வெப்பம் அந்த ஒழுங்கைக் கலைக்கிறது. இந்த விளக்கப்படி 770இல் கலைவது காந்தங்களின் திசை ஒழுங்கு மட்டுமே. அணுக்கள் தத்தம் இடத்தில்தான் இருக்கின்றன.

அதைக் கண்ணுக்குக் காட்டியது எக்ஸ் கதிர். 1917இல் ஆல்பர்ட் ஹல் அமெரிக்காவில் அறை வெப்பநிலை இரும்பின் பொருள் மைய அமைப்பைக் கண்டறிந்தார். 1921இல் சுவீடனின் ஆர்னே வெஸ்ட்கிரென், சூடாக்கிய இரும்பின் மீதே எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார். பீட்டா என்று சொல்லப்பட்ட வெப்பநிலையிலும் அமைப்பு ஆல்ஃபாவின் அமைப்பாகவே இருந்தது. காமாவில்தான் அது முகப்பு மையமாக மாறியது. டெல்டாவில் மறுபடியும் பொருள் மையம் திரும்புவதும் தொடர்ந்து வந்த ஆய்வுகளில் தெரிந்தது. அத்துடன் பீட்டாவின் கதை முடிந்தது. 1926இல் தோய்த்த எஃகின் படிகமும் ஆராயப்பட்டது. வெளியேற நேரமில்லாத கார்பன் அணுக்கள் உள்ளே அகப்பட்டு, கனசதுரத்தை ஒரு பக்கமாக நீட்டி நெளித்திருந்தன. கடினத்தின் அடிப்படை அதுவே. கார்பன் கட்சி வென்றது என்றாலும், காமாவிலிருந்து நிகழும் உருமாற்றம் இல்லாமல் அந்தக் கார்பன் அப்படி அகப்பட்டிருக்காது. ஓஸ்மாண்டுக்கு இந்த அளவு நியாயம் செய்வது தகும். அந்தக் கடின எஃகுக்கு மார்ட்டென்சைட் என்றும், காமா வடிவ எஃகுக்கு ஆஸ்டெனைட் என்றும் பெயரிட்டவரும் அவரே. அந்தப் பெயர்கள் நிலைத்துவிட்டன.

அதிர்வுகள் சொன்ன விடை

எழுத்து போன பிறகும் ஒரு கேள்வி நின்றது. பொதுவாக, வெப்பம் ஏறஏறத் தளர்வான அடுக்கு வருவதே இயல்பு. இரும்போ தளர்விலிருந்து நெருக்கத்துக்குப் போய், மறுபடியும் தளர்வுக்கு வருகிறது. இது ஏன்?

தனிம அட்டவணையில் இரும்புக்கு நேர் கீழே உள்ள ருத்தேனியமும் ஆஸ்மியமும் நெருக்கமான அறுங்கோண அடுக்கில் உள்ளன. இரும்பும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அதைப் பொருள் மைய அமைப்பில் நிறுத்திவைப்பது காந்த ஒழுங்கின் ஆற்றலே. 1956இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதிர்ச்சி அலைகளால் இரும்பை அமுக்கியபோது, காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 1,30,000 மடங்கு அழுத்தத்தில் அது புதிய வடிவத்துக்கு மாறியது. அது அறுங்கோண அடுக்கு என்பது பின்னர் உறுதியாயிற்று. அந்த வடிவில் ஆல்ஃபாவின் காந்தத்தன்மை இல்லை. அதற்கு எப்சிலான் என்று பெயர் வைத்தார்கள். காலியாகக் கிடந்த பீட்டாவை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

770இல் காந்த ஒழுங்கு கலைந்ததும் பொருள் மைய அமைப்பு தன் முட்டுக்கட்டையை இழக்கிறது. அதற்கு மேல் 142 டிகிரியே கடந்த நிலையில் காமா வந்துவிடுகிறது. பீட்டா தனி வடிவம் அன்று. ஆனால் அது குறித்த மாற்றம்தான் அடுத்த மாற்றத்துக்கு வழிவிடுகிறது. இந்த மாற்றங்களில் பரிமாறப்படும் ஆற்றலும் மிகச் சிறியது. ஆல்ஃபா காமாவாக மாற ஒரு மோலுக்கு ஏறத்தாழ 1 கிலோஜூல் போதும். உருகவோ ஏறத்தாழ 14 கிலோஜூல் வேண்டும். தராசுத் தட்டுகள் இவ்வளவு சமமாக இருக்கும்போது, சிறிய எடையும் முள்ளைச் சாய்த்துவிடும். அப்படிப்பட்ட எடைகளுள் ஒன்று அணுக்களின் அதிர்வு.

திண்மத்தில் அணுக்கள் அசையாமல் இருப்பதில்லை. சுருள்வில்லால் கட்டியது போல, இருந்த இடத்திலேயே வினாடிக்குச் சில லட்சம் கோடி முறை அதிர்கின்றன. வில் இறுக்கமாக இருந்தால் அதிர்வு விரைவு. தளர்வாக இருந்தால் மெதுவு. தளர்ந்த வில்லில் அணுக்களுக்கு அதிக உலவிடம் கிடைக்கிறது. இதையே என்ட்ரோபி மிகுதி என்கிறோம். வெப்பநிலை உயர உயர, என்ட்ரோபி மிகுந்த அமைப்புக்கே சாதகம். பொருள் மைய அடுக்கு சில திசைகளில் எளிதில் வழுக்கக்கூடியது. அதனால் அங்கே மெதுவான அதிர்வுகள் உண்டு. 1947இல் கிளாரன்ஸ் ஜீனர் பித்தளை போன்ற கலப்புலோகங்களை வைத்து இதை எடுத்துக்காட்டினார். 1394இல் இரும்பு பழைய அடுக்குக்குத் திரும்புவதில் காந்தங்களின் கலைவோடு இந்த அதிர்வுகளுக்கும் பங்கு உண்டு.

ஊகித்ததை அளக்க நியூட்ரான் உதவியது. படிகத்தில் மோதும் நியூட்ரான் அதிர்வு ஒன்றைத் தூண்டி, அந்த அளவு ஆற்றலை இழந்து வெளிவரும். கனடாவின் பெர்ட்ராம் பிராக்ஹவுஸ் இந்த முறையை வளர்த்தார். 1967இல் இரும்பின் அதிர்வுகள் இவ்வாறு அளக்கப்பட்டன. அவருக்கு நோபல் பரிசு 1994இல்தான் வந்தது. இன்னொரு முறைக்கு இரும்பே கருவியாயிற்று. இயற்கை இரும்பில் ஏறத்தாழ 2 விழுக்காடாக உள்ள இரும்பு–57 அணுக்கரு, குறிப்பிட்ட ஓர் ஆற்றலுள்ள கதிரை மட்டும் மிகத் துல்லியமாக ஏற்கும் என்பது 1958இல் ருடால்ஃப் மாஸ்பவர் கண்ட விளைவைத் தொடர்ந்து தெரிந்தது. அந்த ஆற்றலிலிருந்து சற்றே விலகிய எக்ஸ் கதிரை அனுப்பினால், குறையும் கூடுதலும் அணுவின் அதிர்விலிருந்து ஈடுசெய்யப்படும். 1995 முதல் இம்முறை நடைமுறைக்கு வந்தது.

கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் பிரென்ட் ஃபுல்ட்ஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அறை வெப்பநிலையிலிருந்து 770ஐயும் 912ஐயும் கடந்து இரும்பின் அதிர்வுகள் இவ்வாறு தொடர்ந்து அளக்கப்பட்டன. சாதாரண வெப்ப விரிவு விளக்கக்கூடிய அளவைத் தாண்டி, குறுக்கதிர்வுகளுள் மெதுவானவை சுமார் 430 டிகிரிக்கு மேல் வேகமாகத் தளர்ந்தன. காந்தத்தன்மை மறையும் புள்ளியைக் கடந்தும் அந்தத் தளர்வு தொடர்ந்தது.

காந்தமும் அதிர்வும் ஒன்றையொன்று தொடும் இடம் இன்வார் என்னும் கலப்புலோகத்தில் இன்னும் தெளிவாகிறது. 36 விழுக்காடு நிக்கல் சேர்த்த இந்த இரும்பு, வெப்பத்தில் ஏறக்குறைய விரிவதே இல்லை. விரிவு சாதாரண இரும்பின் பத்தில் ஒரு பங்கு அளவே. பாரிஸ் அருகே பன்னாட்டு எடை அளவுகள் அலுவலகத்தில் பணியாற்றிய சார்லஸ் குய்லோம் 1896இல் இதைக் கண்டறிந்தார். 1920இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். கடிகாரங்களும் நில அளவைக் கம்பிகளும் இதனால் திருந்தின. ஆயினும் ஏன் விரியவில்லை என்பது ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாதத்திலேயே இருந்தது. 2023இல் ஃபுல்ட்ஸ் குழுவினர், இன்வாரை வைர முனைகளுக்கிடையே அமுக்கி, அதிர்வின் என்ட்ரோபியையும் காந்தத்தின் என்ட்ரோபியையும் தனித்தனியே அளந்து காட்டினர். சூடேறும்போது அதிர்வுகள் உலோகத்தை விரியச் செய்கின்றன. கலையும் காந்த ஒழுங்கு அதைச் சுருங்கச் செய்கிறது. இரண்டும் அகன்ற வெப்பநிலை எல்லைக்குள் ஏறத்தாழச் சமமாகி ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன.