நடைபாதையில் பாடநூல்: கல்கத்தாவின் இருநூறு ஆண்டுக் கணக்கு

வளாகக் கடையைத் தவிர்த்துப் பாடநூலை மலிவாக வாங்குவது எப்படி என்ற கேள்வி அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் எழுகிறது. கொல்கத்தாவில் அக்கேள்விக்கு இடமே இல்லை. அங்கே கடை வளாகத்திற்கு வெளியே பிறந்தது. பிரசிடென்சி, ஹேர் பள்ளி முதலிய நிறுவனங்களின் இரும்புக் கிராதிகளே பழைய புத்தகக் கடைகளுக்கு முதுகுச் சுவர். வகுப்பு முடிந்து வெளியே வரும் மாணவர், நூலின் பெயரைச் சொன்னால் போதும். கடைக்காரர் எந்த அடுக்கில் அது இருக்கிறது என்று பார்க்காமலே கை நீட்டி எடுப்பார். பிறகு பேரம்.

அப்பகுதியை வங்காளிகள் 'புத்தகப் பேட்டை' என்ற பொருள்படும் பெயரால் அழைப்பர். நூலைக் குறிக்கும் வங்காளச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் 'பொய்' என்று நிற்கும். ஆகவே மொழிபெயர்ப்பே நலம். கல்லூரித் தெரு என்ற அந்தச் சாலைக்கும் ஒரு வேடிக்கையான பிறப்பு உண்டு. பரிசுச் சீட்டு நடத்தித் திரட்டிய பணத்தில் நகரத்தைச் சீரமைத்த லாட்டரிக் குழு போட்ட சாலைகளுள் அதுவும் ஒன்று.

1817இல் இந்துக் கல்லூரி தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் கல்கத்தாப் பள்ளிநூற் கழகம் தோன்றியது. வில்லியம் கேரி, மிருத்யுஞ்ஜய் வித்யாலங்கார், ராதாகாந்த தேவ், தாரிணிசரண் மித்ரா போன்றோர் அதில் ஒருங்கே இருந்தனர். பாடநூல்களை ஆக்குவது, அச்சிடுவது, மலிவாகவோ விலையின்றியோ வழங்குவது அதன் நோக்கம். சமய நூல்களுக்கு அதில் இடமில்லை. பாடநூலின் விலை கல்விக்குத் தடையாகலாம் என்பதைக் கல்லூரி தோன்றிய ஆண்டிலேயே ஓர் அமைப்பு உணர்ந்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இக்கழகத்தின் வணிகம் பின்னர் எதிர்பாராத ஓர் இடத்தில் சான்றாக நின்றது. 1835இல் மெக்காலே எழுதிய புகழ்பெற்ற குறிப்பில் வரும் கணக்கு இது: அரசுக் கல்விக் குழு அச்சிட்ட அரபு, சமஸ்கிருத நூல்கள் மூன்றாண்டுகளில் ஆயிரம் ரூபாய்க்குக்கூட விற்கவில்லை, இருபத்துமூவாயிரம் படிகள் அறைகளில் அடைந்து கிடந்தன. பள்ளிநூற் கழகமோ ஆண்டுக்கு ஏழெட்டாயிரம் ஆங்கில நூல்களை விற்று, இருபது விழுக்காடு லாபமும் ஈட்டியது. மெக்காலே இதிலிருந்து பெற்ற முடிபை எவரும் அறிவர். ஆனால் அக்கணக்கு ஆங்கிலத்தின் உயர்வை மெய்ப்பிக்கவில்லை. வேலை தரும் பாடத்திற்கு ஏழை மாணவனும் காசு கொடுப்பான் என்பதைத்தான் அது காட்டுகிறது. மலிவாக வழங்கத் தோன்றிய கழகம் லாபம் காட்டியதும் அதனாலேயே.

வங்காள மொழியிலும் அதே பாதையை அமைக்க முடியும் என்று காட்டியவர் ஈசுவரசந்திர வித்யாசாகர். 1847இல் மதன்மோகன் தர்க்காலங்காருடன் சேர்ந்து, அறுநூறு ரூபாய் கடன் வாங்கி சமஸ்கிருத அச்சகத்தை நிறுவினார். 'அன்னதாமங்கல்' காவியத்தின் நூறு படிகளை வில்லியம் கோட்டைக் கல்லூரி அறுநூறு ரூபாய்க்கு வாங்கியது, கடன் அடைந்தது. கல்லூரி வாங்கினால் படி ஆறு ரூபாய்! எழுதியவரே அச்சிட்டு, தம் நூல் நிலையத்தின் வழியே தாமே விற்றதால் இடைத்தரகு குறைந்தது. 1855இல் வெளிவந்த 'வர்ணபரிசய்' தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் முதல் நூலாயிற்று.

புது நூல் மலிவானது இப்படி. பழைய நூலுக்குச் சந்தை உருவானது வேறு காரணத்தால்; அதைத் தந்தது பல்கலைக்கழகம். 1857 ஜனவரி 24இல் நிறுவப்பட்ட கல்கத்தாப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் பாடம் நடத்தவில்லை, தேர்வு மட்டுமே நடத்தியது. அதன் எல்லை வடமேற்கே பஞ்சாபையும் கிழக்கே பர்மாவையும் தொட்டது. கடல் கடந்து 1891இல் யாழ்ப்பாணக் கல்லூரியும் அதனுடன் இணைந்தது. இத்தனை கல்லூரிகளுக்கும் ஒரே தேர்வு; தேர்வு ஒன்றானால் நூலும் ஒன்றே. ஒருவர் படித்து முடித்த நூல் மறு ஆண்டு இன்னொருவருக்குத் தவறாமல் தேவைப்படும். பாடத்திட்டம் ஆண்டுக்கணக்கில் மாறாமல் நின்றதே நடைபாதைக் கடைக்காரரின் முதலீடு. பேரத் திறமையும் நூற்பற்றும் அதற்குப் பிறகே வருகின்றன.

மாணவர் கணக்கும் அதைச் சார்ந்ததே. பழைய நூலைக் குறைந்த விலைக்கு வாங்கி, தேர்வு முடிந்ததும் அதே கடையில் ஏறத்தாழப் பாதி விலைக்குத் திருப்பிக் கொடுப்பவருக்கு அது விற்பனையைவிட வாடகையை ஒத்தது. முன்னவர் ஓரத்தில் எழுதிய குறிப்புகள் இலவசம். அவை சரியா என்பது வேறு.

விடுதலைக்குப் பின் பனிப்போரும் மாணவர் பக்கம் நின்றது. பிரிட்டன் மானியத்தில் வந்த ஈ.எல்.பி.எஸ். மலிவுப் பதிப்புகள், இந்திய-அமெரிக்கக் கூட்டுத் திட்டத்தின் பதிப்புகள், மாஸ்கோவின் மீர் பதிப்பகம் வெளியிட்ட பிஸ்குனோவின் நுண்கணிதம், இரோடவின் இயற்பியல் கணக்குகள் ஆகியவை ஒரே பலகையில் அருகருகே கிடந்தன. மூன்று அரசுகள் மாணவரின் மனத்தை வெல்லப் போட்டியிட்டன. மாணவர் விலையை மட்டும் பார்த்தார்.

இந்த மலிவு அமெரிக்காவையும் உறுத்தியது. தாய்லாந்து மாணவர் சுபாப் கிர்ட்செங், வைலி நிறுவனத்தின் ஆசியப் பதிப்புகளைத் தம் நாட்டு உறவினர் மூலம் வாங்கி அமெரிக்காவில் விற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது; 2013இல் அவர் பக்கமே தீர்ப்பு வந்தது. சட்டப்படி வாங்கிய படியை மறுவிற்பனை செய்யும் உரிமை, அப்படி எந்த நாட்டில் அச்சானாலும் உண்டு என்பது அதன் சாரம். மூன்றாண்டுகள் கழித்து, தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகத்தின்மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் தொடுத்த வழக்கைத் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளியது. கற்பித்தலுக்காக நகலெடுப்பதை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது என்றது. டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு விசாரணையை மீண்டும் திறந்தாலும், 2017இல் பதிப்பகங்களே வழக்கைக் கைவிட்டன.

கல்லூரித் தெருவின் இன்றைய இடர் நீதிமன்றத்திலிருந்து வரவில்லை. நீரும் நெருப்பும்கூடப் பழகியவையே. சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. கல்லூரித் தெருவில் 2020 மே மாதம் அம்பன் புயலின் வெள்ளத்தில் நூல்கள் மிதந்தன. கடைகள் மீண்டும் திறந்தன. ஆனால் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்பு 2018இல் பருவத்தேர்வுக்கும் விருப்பப்பாட முறைக்கும் மாறியது. ஐந்தே ஆண்டுகளில், 2023இல், நான்காண்டுப் படிப்பின் புதிய கட்டமைப்பு வந்தது. ஒவ்வொரு மாற்றமும் நடைபாதையில் அடுக்கிய இருப்பின் ஒரு பகுதியை எடைக்குப் போடும் காகிதமாக்குகிறது. பாடத்திட்டச் சீர்திருத்தம் பற்றிய விவாதங்களில் இந்தச் செலவு எந்தப் பத்தியிலும் இடம்பெறுவதில்லை. அதைக் கொடுப்பவர் முதல் தலைமுறை மாணவர்.

தெருவில் இன்று விலை குறையாமல் நிற்கும் பழைய பாடநூல்களுள் பிஸ்குனோவும் இரோடவும் அடங்குவர். அவற்றை அச்சிட்ட நாடே இல்லை. ஆகவே ஆண்டுக்கொரு திருத்திய பதிப்பு என்ற தொல்லையும் இல்லை.