நிலத்தோடு கைமாறிய பெயர்கள்: வாஷிங்டனும் மௌபிரேயும்

இங்கிலாந்தின் குடும்பப் பெயர்களில் கணிசமானவை ஊர்ப்பெயர்களே. நியூட்டன், மில்டன், லிங்கன், கிளிஃப்டன், சட்டன் என்று இன்று மனிதரின் பெயர்களாகவே நினைவுக்கு வரும் பலவும் முதலில் ஒரு சிற்றூருக்கோ நகருக்கோ வழங்கியவை. ஓர் ஊரும் ஒரு குடும்பமும் ஒரே பழம்பெயரைத் தாங்கி நிற்கும்போது, அப்பெயருடையோர் அனைவரும் அவ்வூரில் தோன்றிய ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்று கருதத் தோன்றுவது இயல்பு. குலவரலாறு தேடுவோர் பலரும் அந்த நம்பிக்கையோடுதான் பழைய ஏடுகளைப் புரட்டத் தொடங்குகின்றனர். ஆனால் இடைக்கால ஆவணங்கள் காட்டும் நடைமுறை வேறு. பெயர் பெரும்பாலும் குருதியைத் தொடரவில்லை, நிலத்தைத் தொடர்ந்தது. நிலம் கைமாறியபோது அதனோடு பெயரும் கைமாறியது. ஊரை விட்டுப் பெயர்ந்தவன் ஊரின் பெயரைச் சுமந்து சென்றான். சில வேளைகளில் குடும்பம் தன் பெயரை ஊருக்கே சூட்டியது. இந்த மூன்று இயக்கங்களையும் வாஷிங்டன், மௌபிரே என்னும் இரண்டு பெயர்களின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

1066ஆம் ஆண்டு நார்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வெல்வதற்கு முன், அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் ஒற்றைப் பெயரோடு வாழ்ந்தனர். வெற்றியோடு வந்த நார்மானியப் பெருமக்கள், பிரெஞ்சில் 'இன்ன ஊரினன்' என்று பொருள்படும் 'டி' என்ற முன்னொட்டைச் சேர்த்து, தாம் ஆண்ட ஊரின் பெயரால் தம்மை அழைத்துக்கொண்டனர். நார்மண்டியில் இங்கிலாந்தின் ஏதாவதொரு குடும்பத்துக்குப் பெயர் தராத ஊரே இல்லை என்ற கருத்தை வில்லியம் கேம்டன் என்ற பழம்பொருள் ஆய்வாளர் 1605இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்தார். எளிய மக்களிடையே வழக்கம் வேறு விதமாக வளர்ந்தது. ஓர் ஊரில் இருப்போரை அவ்வூரின் பெயரால் அழைப்பதில் பயனில்லை, ஏனெனில் அங்குள்ள அனைவரும் அவ்வூராரே. வேற்றூருக்குக் குடிபெயர்ந்தவனைத்தான் அவன் வந்த ஊரைக் கொண்டு அடையாளம் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே, செல்வர் அல்லாத ஒரு குடும்பம் ஊர்ப்பெயரைத் தாங்கியிருந்தால், அக்குடும்பம் அவ்வூரை விட்டு வெளியேறியது என்பதற்கே அது முதற்சான்று. இவ்வாறு எழுந்த பெயர்கள் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் நிலையான பெயர்களாக 1400ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் மாறிவிட்டன. 1538இல் ஒவ்வொரு கோயிற் பங்கும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அரசு ஆணையிட்டபின் அவை எழுத்திலும் இறுகின.

வாஷிங்டன் என்னும் ஊர் வடகிழக்கு இங்கிலாந்தில், பழைய டர்ஹாம் கோட்டத்தில், வியர் ஆற்றுக்கு வடக்கே உள்ளது. ஹ்வாஸ்ஸா என்ற ஆங்கிலோ-சாக்சன் ஆடவனின் பண்ணையிருப்பு என்பது அதன் பொருளாகக் கொள்ளப்படுகிறது. ஆக, இந்த ஊர்ப்பெயரே ஒரு மனிதனின் பெயரிலிருந்து பிறந்தது. அந்த மனிதனைப் பற்றி அவன் பெயரைத் தவிர வேறெதுவும் எஞ்சவில்லை. நாட்டின் நிலவுடைமைகளைக் கணக்கெடுத்து 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே ஏட்டில் டர்ஹாம் இடம்பெறவில்லை. ஆயராகவும் ஏறக்குறைய ஒரு குறுநில மன்னராகவும் விளங்கிய டர்ஹாம் ஆயரின் ஆளுகைப் பகுதி அது. அக்குறையை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் நிறைவு செய்தது, ஆயர் ஹ்யூ டு பூய்ஸேயின் கட்டளையால் 1183இல் தொகுக்கப்பட்ட போல்டன் ஏடு.

ஆயருக்கு உரிய வரிகளையும் ஊழியங்களையும் ஊர்வாரியாகக் குறிக்கும் அந்த ஏட்டில் வாஷிங்டனுக்குரிய பதிவு சில வரிகளே உடையது. ஆயினும் பெயர்களின் வரலாற்றில் அதற்கு இணையான சான்று அரிது. ஹார்ட்பர்ன் ஊரினனான வில்லியம் என்பவன், டீஸ் ஆற்றங்கரை நகரமான ஸ்டாக்டனுக்கு அருகில் தனக்கிருந்த ஹார்ட்பர்ன் நிலத்தை ஆயருக்கு விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக, கோயிலும் கோயில் நிலமும் நீங்கலாக வாஷிங்டனைப் பெற்றான் என்று அது கூறுகிறது. ஆண்டுக்கு 4 பவுண்டு செலுத்துவதும், ஆயர் நடத்தும் பெருவேட்டைக்கு 4 வேட்டைநாய்களோடு செல்வதும் அவன் கடமைகள். இங்கே கவனிக்கத்தக்கது, புதிய ஊரைப் பெற்ற பின்னும் ஏட்டில் அவன் பழைய ஊரின் பெயராலேயே குறிக்கப்படுகிறான் என்பது. அதன்பின் அக்குடும்பம் ஹார்ட்பர்ன் என்ற பெயரைக் கைவிட்டு, வெஸ்ஸிங்டன் எனவும் வாஷிங்டன் எனவும் பலவாறு எழுதப்பட்ட புதிய பெயரை ஏற்றது. அந்தப் பரிமாற்றம் நிகழாதிருந்தால், பின்னாளில் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவராக வந்தவர் ஹார்ட்பர்ன் என்ற பெயரோடு அறியப்பட்டிருப்பார் என்று சொல்வது மிகையாகாது.

நிலத்தின் பெயர் யாருக்குச் சென்றது என்பதைப் போலவே, யாருக்குச் செல்லவில்லை என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியது. அந்த ஏட்டுக்குப் பெயர் தந்த போல்டன் ஊர் வாஷிங்டனிலிருந்து சில கல் தொலைவில் உள்ளது. அங்கிருந்த 22 குடியானவர்கள், அதாவது ஊரை விட்டு நீங்கும் உரிமையில்லாமல் உடையவனின் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த உழவர்கள், ஒவ்வொருவரும் 30 ஏக்கர் நிலம் வைத்திருந்தனர். அதற்காக ஒவ்வொருவரும் பணமும் ஓட்ஸ் தானியமும் 5 வண்டி விறகும் 2 கோழிகளும் 10 முட்டைகளும் அளித்தாக வேண்டும். ஈஸ்டர் வாரமும் பெந்தெகொஸ்தே வாரமும் கிறிஸ்துமஸ் காலத்து 13 நாட்களும் நீங்கலாக, ஆண்டு முழுவதும் வாரத்துக்கு 3 நாள் ஆயருக்காக உழைத்தாக வேண்டும். வேறு பல ஊர்களின் உழவர்களைப் பற்றி எழுதும்போது 'போல்டன் ஊராரைப் போலவே' என்று மட்டும் சொல்லி ஏடு கடந்து செல்கிறது. முட்டைகளின் எண்ணிக்கை வரை குறித்து வைத்த எழுத்தர், அவற்றைக் கொண்டுவந்து கொடுத்த அந்த 22 பேரின் பெயர்களை எழுதத் தேவை காணவில்லை. நிலத்தை உழுதவர்கள் அதன் பெயரைப் பெறவில்லை. வேட்டைநாய்களோடு வந்தவன் பெற்றான். ஊர்ப்பெயர்க் குடும்பங்களின் பழமையைப் போற்றி எழுதும் நூல்கள் பலவற்றில் இந்த உண்மைக்கு உரிய இடம் தரப்படுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

வாஷிங்டன் ஊரில் மூத்த கிளையின் ஆண்வழி 1400ஆம் ஆண்டையொட்டி அற்றுப்போக, நிலம் மகள்வழியில் டெம்பெஸ்ட் குடும்பத்துக்குச் சென்றது. அதற்குள் இளைய கிளைகள் வேறு கோட்டங்களில் வேரூன்றியிருந்தன; ஊரின் பெயர் ஊரில் இல்லாதவர்களிடமே உயிரோடிருந்தது. டர்ஹாம் பெருங்கோயிலைச் சேர்ந்த துறவியர் மடத்துக்கு 1416 முதல் 1446 வரை தலைவராக இருந்தவர் ஜான் வெஸ்ஸிங்டன் என்ற அறிஞர். அம்மடத்துத் துறவியர் தாம் வந்த ஊரின் பெயரைத் தாங்குவது வழக்கமாதலால், அவருடைய பெயரை மட்டும் கொண்டு அவரை நிலவுடைமைக் குடும்பத்தினர் என்று முடிவு கட்டுவது பொருந்தாது. இதே எச்சரிக்கை தென்கோடியில் உள்ள சஸ்ஸெக்ஸ் கோட்டத்துக்கும் வேண்டும். அங்கும் வாஷிங்டன் என்றொரு சிற்றூர் உண்டு. அதே வகையான ஆட்பெயரிலிருந்து தனியே தோன்றிய ஊர் அது. அவ்வூரிலிருந்து கிளம்பியவர்களும் அப்பெயரால் அழைக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால், பெயர் ஒன்றாக இருந்தும் வழிமுறை வேறாக இருப்பதற்கு இடமுண்டு.

லங்காஷயரின் வார்ட்டன் ஊரில் தங்கிய ஒரு கிளையைச் சேர்ந்த லாரன்ஸ் வாஷிங்டன், பதினாறாம் நூற்றாண்டில் நார்தாம்ப்டன் நகருக்கு வந்து கம்பளி வாணிகத்தில் பொருளீட்டி, 1532இலும் 1545இலும் அந்நகரின் மேயராக இருந்தார். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்துகளை அரசுடைமையாக்கி விற்றபோது, நார்தாம்ப்டனின் புனித ஆண்ட்ரூ மடத்துக்கு உரியதாயிருந்த சல்கிரேவ் நிலத்தை 1539இல் 324 பவுண்டு 14 ஷில்லிங் 10 பென்ஸுக்கு அவர் வாங்கினார். அங்கு அவர் கட்டிய வீட்டின் முகப்பில், இரண்டு பட்டைகளும் அவற்றுக்கு மேல் மூன்று விண்மீன்களும் கொண்ட குலச்சின்னம் பொறிக்கப்பட்டது. 1938இல் அமெரிக்கத் தலைநகரின் கொடியாக ஏற்கப்பட்டது இதே வடிவம்தான். நிலத்தை விட்டுப் பிரிந்த பெயர் தன் அடையாளத்தைக் கேடயச் சின்னத்தில் காப்பாற்றிக்கொண்டது எனலாம். ஹார்ட்பர்னை விட்டு வந்தவர்கள் புதிய ஊரின் பெயரை ஏற்றார்கள். சல்கிரேவுக்கு வந்தவர்களோ சல்கிரேவ் என்று பெயர் மாறவில்லை. இடைப்பட்ட மூன்றரை நூற்றாண்டில் பெயர் நிலத்திலிருந்து கழன்று குடும்பத்தின் உடைமையாகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மேயரின் வழிவந்த இன்னொரு லாரன்ஸ், எஸ்ஸெக்ஸில் பர்லீ என்னும் ஊரின் கோயிற் குருவாக இருந்து, உள்நாட்டுப் போரின்போது 1643இல் பியூரிட்டன் தரப்பினரால் பதவி நீக்கப்பட்டு வறுமையுற்றார். அவர் மகன் ஜான் வாணிகக் கப்பலொன்றில் வர்ஜீனியா சென்று, 1657இல் அக்கப்பல் பொட்டாமக் ஆற்றில் தரைதட்டியபின் அங்கேயே தங்கி, நிலவுடைமையாளர் ஒருவரின் மகளை மணந்தார். அவருடைய கொள்ளுப்பேரரே 1732இல் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன். குலச்சின்னப் பதிவகத்தின் தலைவராயிருந்த சர் ஐசக் ஹெர்ட் லண்டனிலிருந்து குலவரலாறு கேட்டு எழுதியபோது, அதில் தாம் அதிக கவனம் செலுத்தியதில்லை என்ற கருத்துப்பட ஜார்ஜ் 1792இல் மறுமொழி எழுதினார். டர்ஹாமின் வாஷிங்டனிலோ, பழைய மாளிகை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏழைக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த வாடகைக் குடியிருப்பாயிற்று. இடிக்கப்படவிருந்த அதை 1936இல் உள்ளூர் ஆசிரியர் ஒருவர் முன்னின்று காத்தார். 1955இல் அமெரிக்கத் தூதர் அதைத் திறந்துவைத்தார்.

ஊரிலிருந்து குடும்பத்துக்குச் சென்ற பெயர் வாஷிங்டன் என்றால், குடும்பத்திலிருந்து ஊருக்கு வந்த பெயர் மௌபிரே. அது நார்மண்டியின் மோன்ப்ரே என்ற ஊர்ப்பெயரின் ஆங்கில வடிவம். அவ்வூரிலிருந்து வந்த குடும்பத்தின் ராபர்ட் டி மௌபிரே 1095இல் அரசனுக்கு எதிராகக் கிளர்ந்து, தோற்று, சிறைப்பட்டு, நிலங்களை இழந்தான். முதலாம் ஹென்றி அந்நிலங்களில் பலவற்றைத் தன் ஆதரவாளனான நைஜல் டி ஓபின்யீக்கு வழங்கினான். நைஜலின் மகன் ரோஜர், தந்தையின் பெயரை விடுத்து, அரசன் ஆணைப்படி மௌபிரே என்ற பெயரைச் சூடிக்கொண்டான். எனவே பிற்காலத்தில் நார்ஃபோக் கோமகன்களாக உயர்ந்த மௌபிரே குடும்பத்தினர், முதல் மௌபிரேக்களின் ஆண்வழி மரபினர் அல்லர். அவர்களுடைய நிலத்தைப் பெற்றவர்கள் மட்டுமே. லெஸ்டர்ஷயரில் இக்குடும்பம் உடைமையாக்கிக்கொண்ட மெல்டன், அதே பெயருடைய பிற ஊர்களிலிருந்து வேறுபடுத்தப்பட வேண்டி மெல்டன் மௌபிரே ஆயிற்று. பன்றியிறைச்சிப் பணியாரத்துக்குப் புகழ்பெற்ற இன்றைய சந்தை நகரம் அது. ஸ்டோக் மண்டவில், ஸ்டோக் போஜெஸ் போன்ற இரட்டைப் பெயர்களும் இவ்வாறு எழுந்தவையே. ஆண்ட குடும்பங்கள் மறைந்துபோக, ஊர்கள் அவற்றின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கும்பினியின் கணக்கு அதிகாரியாகச் சென்னைக்கு வந்த ஜார்ஜ் மௌபிரேயும் இதே பெயருடையவர். அடையாற்றங்கரையில் அவர் கட்டிய தோட்ட மாளிகையை நோக்கிச் சென்ற சாலை மௌபிரேஸ் ரோடு எனப்பட்டு, பின்னர் டி.டி.கே. சாலை ஆயிற்று. நார்மண்டியின் ஒரு சிற்றூர்ப் பெயர் இரண்டு நாடுகளைக் கடந்து சென்னைத் தெருவொன்றில் நெடுங்காலம் நிலைத்திருந்தது வியப்புக்குரியது; ஆயினும் அதைக் கொண்டு அந்தக் கணக்கு அதிகாரியைக் கோமகன்களின் மரபோடு இணைக்க இயலாது.

வாஷிங்டன் என்ற பெயரின் கடைசிப் பெரும் பெயர்ச்சி நிகழ்ந்தது அமெரிக்காவில், 1865இல் அடிமைமுறை ஒழிந்தபின். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த புக்கர் என்னும் சிறுவன் முதன்முறை பள்ளிக்குச் சென்றபோது, ஆசிரியர் பெயர் அழைக்க, ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பெயராவது இருப்பதைக் கண்டான். தனக்கோ ஒன்றே உண்டு. தன் முறை வந்ததும் தயங்காமல் 'புக்கர் வாஷிங்டன்' என்று சொன்னதாக, 1901இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் எழுதுகிறார். அவருடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். பின்னாளில் டஸ்கீகி கல்வி நிலையத்தை வளர்த்தெடுத்த புக்கர் டி. வாஷிங்டன் அவரே. இவ்வாறு பெயரைத் தாமே தேர்ந்துகொண்டவர்களின் வழிமுறை பெருகிய நிலையில், 2000ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயருடையோர் 1,63,036 பேர்; அவர்களில் பத்தில் ஒன்பது பேர் கறுப்பின மக்கள்.