நாடு மாறிய ஆட்டக்காரர்கள்

ஒருவன் எந்த நாட்டவன் என்பதை யார் முடிவு செய்வது? பிறந்த மண்ணா, பெற்றவர்களின் மண்ணா, கையிலுள்ள பாஸ்போர்ட்டா, பிழைக்க வந்த ஊரா? சட்ட நூல்களுக்கு இது பழைய கேள்வி. ஆனால் விளையாட்டு மைதானத்தில் இக்கேள்வி எழும்பும்போது அதற்கு உடனே விடை சொல்லியாக வேண்டும். மாலை நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்குகிறது. பதினொருவரில் ஒருவனாக அவன் நிற்கலாமா, கூடாதா என்பதை அதற்குள் தீர்த்துவிட வேண்டும். கால்பந்து உலகம் இதற்கு விடை காணப் பட்ட பாடு சுவையானது. சில இடங்களில் வருந்தத்தக்கதுங்கூட.

முதலில் ஒரு சொல் விளக்கம். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்டவனுக்கு இது தவிர்க்க முடியாத பழக்கம். பிரஜாவுரிமை என்பது அரசாங்கம் தருவது. ஒரு நாட்டின் அணியில் ஆடும் தகுதி என்பது விளையாட்டுச் சம்மேளனம் தருவது. முதலாவது இருந்தால் இரண்டாவதும் தானே வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. இவ்விரண்டும் எப்போது, ஏன் பிரிந்தன என்பதே இங்கு சொல்லப் புகும் வரலாறு.

லூயிஸ் மோன்ட்டி என்ற அர்ஜென்டினா வீரர் 1930இல் மோன்டிவீடியோ நகரில் நடந்த முதல் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் தம் நாட்டுக்காக ஆடினார். உருகுவே 4-2 என்று வென்றது. நான்கே ஆண்டுகள் கழித்து, 1934இல் ரோம் நகரில் நடந்த இறுதி ஆட்டத்திலும் அவர் இருந்தார். இம்முறை இத்தாலியின் சட்டையை அணிந்து, வென்ற அணியில். இரண்டு நாடுகளுக்காக இரண்டு உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களில் ஆடியவர் அவர் ஒருவரே. கடல் கடந்து குடியேறிய இத்தாலியரின் சந்ததியாரையும் இத்தாலியராகவே அந்நாட்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அவர்களை இராணுவத்துக்கு அழைக்க இயலும் என்றால் அணிக்கும் அழைக்கலாமன்றோ என்பது பயிற்சியாளர் பொட்ஸோவின் வாதம். வாதம் நியாயமாகத்தான் பட்டது. ஆயினும் 1935இல் அபிசீனியப் போர் மேகம் சூழ்ந்தபோது, முந்திய ஆண்டு கோப்பையை வென்ற குவைத்தா என்ற அர்ஜென்டினாக்காரர், இராணுவச் சேவைக்கு அஞ்சித் தோழர் இருவருடன் இத்தாலியை விட்டே தப்பியோடினார். பந்துக்காகப் பெற்ற பிரஜாவுரிமை துப்பாக்கியையும் உடன் கொண்டு வரும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை போலும்!

போருக்குப் பின் இவ்வழக்கம் ஸ்பெயினில் உச்சத்தை எட்டியது. புவனோஸ் அயர்ஸில் பிறந்த டி ஸ்டெபனோ 1947இல் அர்ஜென்டினாவுக்காக ஆறு ஆட்டங்களில் ஆறு கோல்கள் போட்டார். 1957 முதல் ஸ்பெயினுக்காக 31 ஆட்டங்களில் 23 கோல்கள் போட்டார். புடாபெஸ்டில் பிறந்த குபாலாவோ செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி, ஸ்பெயின் என்று மூன்று நாடுகளின் அணிகளில் இடம்பெற்றார். இவர்களைப் பேராசைக்காரர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஹங்கேரிக்காக 85 ஆட்டங்களில் 84 கோல்கள் போட்ட புஷ்காஷ், 1956இல் தாய்நாட்டில் புரட்சி வெடித்தபோது தம் சங்கத்துடன் வெளிநாட்டில் இருந்தார். அவர் திரும்பிச் செல்லவில்லை. அடைக்கலம் புகுந்த நாட்டுக்காகப் பின்னர் நான்கு ஆட்டங்களில் ஆடினார். ஊரை விட்டு வந்தவன் வந்த ஊருக்கு உழைப்பது துரோகமா? தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை.

1962இல் சிலி நாட்டில் நடந்த உலகக் கோப்பையில் இந்நிலை எல்லோர் கண்ணையும் உறுத்தியது. 1958இல் பிரேசிலுக்காகக் கோப்பையை வென்ற அல்தாபினி, இப்போது இத்தாலியின் அணியில். 1954இல் உருகுவேக்காக ஆடிய சந்தமாரியா, இப்போது ஸ்பெயினின் அணியில். இரவல் நட்சத்திரங்கள் இத்தனை பேர் இருந்தும் இத்தாலி, ஸ்பெயின் இரண்டும் முதற்சுற்றிலேயே வெளியேறின என்பது வேறு. அதற்குப் பிறகே சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனம் கதவை அடைத்தது. ஒரு நாட்டின் முதல் அணிக்காக அதிகாரபூர்வமான போட்டியில் ஒருமுறை ஆடியவர் வேறு நாட்டுக்கு ஆடலாகாது என்பதே விதியாயிற்று. பிரஜாவுரிமையை எத்தனை முறை மாற்றினாலும் தகுதி மாறாது. நாம் முதலில் கண்ட இரண்டு சொற்களும் இங்கேதான் பிரிந்தன.

ஆட்டக்காரன் மாறாமல் நாடே மாறிவிட்டால் என்ன செய்வது? யூகோஸ்லாவியா சிதறியபின், 1990இல் அந்நாட்டுக்காக ஆடிய ப்ரோசினெச்கி 1998இல் குரோவேஷியாவுக்காக ஆடினார். இரண்டு உலகக் கோப்பைகளிலும் கோல் போட்டார். நம் துணைக்கண்டம் இதை முன்னமே கண்டதுண்டு, கிரிக்கெட்டில். 1946இல் இந்தியாவுக்காக ஆடிய அப்துல் ஹபீஸ் கர்தார், 1952இல் தில்லியில் நடந்த பாகிஸ்தானின் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் அந்நாட்டுக்குத் தலைமை தாங்கினார். அதே தொடரில் சென்னைச் சேப்பாக்கத்தில், பாகிஸ்தானின் கடைசி விக்கெட்டுக்கு ஜுல்பிகர் அகமதுவுடன் சேர்ந்து 104 ஓட்டங்கள் குவித்தவர் அமீர் இலாஹி. அப்போது அவருக்கு வயது 44. 1947இல் சிட்னியில் இந்தியாவுக்காக ஆடியவரும் அவரே.

கால்பந்தின் கடுமையான விதி நாற்பதாண்டு நிலைத்தது. அது பெரியவர்களைத் தடுத்ததோடு நிற்காமல், குடியேறியவர்களின் பிள்ளைகளையும் சிறைப்படுத்தியது. 2004 முதல், ஒரு நாட்டின் இளைஞர் அணியில் மட்டுமே ஆடியவர் 21 வயதுக்குள் ஒருமுறை மாறலாம் என்று தளர்த்தினர். 2009இல் அந்த வயது வரம்பும் நீங்கியது. மறுபுறம், தொடர்பே இல்லாத வீரர்களை விலைகொடுத்து அழைப்பதைத் தடுக்க, பிறப்போ பெற்றோர் பாட்டன் பாட்டியின் பிறப்போ நெடுநாள் வாசமோ வேண்டும் என்று 2004இல் விதித்தனர். வாசக்காலம் இரண்டாண்டாக இருந்தது. 2008இல், 18 வயதுக்குப் பின் ஐந்தாண்டு என்று நீண்டது.

ஆயினும் முனீர் எல் ஹத்தாதி என்ற இளைஞர் அகப்பட்டுக்கொண்டார். மொராக்கோவிலிருந்து குடிவந்த தந்தைக்கு ஸ்பெயினில் பிறந்தவர் அவர். 2014 செப்டம்பரில், 19ஆம் வயதில், மாசிடோனியாவுக்கு எதிரான ஆட்டத்தின் இறுதியில் ஸ்பெயின் அவரைச் சுமார் 13 நிமிடம் இறக்கியது. மீண்டும் அழைக்கவே இல்லை. அது நட்பு ஆட்டமாக இருந்திருந்தால் தொல்லையில்லை. தகுதிச் சுற்று ஆட்டமாக இருந்ததால் விதி அவரைக் கட்டிவிட்டது. 2018 உலகக் கோப்பைக்கு மொராக்கோ அவரை விரும்பியது. விளையாட்டு நடுவர் மன்றம் மறுத்துவிட்டது. பதின்மூன்று நிமிடத்துக்கு ஆயுள் தண்டனை! 2020 செப்டம்பரில்தான் விதி இளகியது. 21 வயதுக்குமுன் மூன்று அதிகாரபூர்வ ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவர், உலகக் கோப்பை போன்ற இறுதிப் போட்டிகளில் ஆடாதவர், மூன்றாண்டு காத்திருந்தபின் மாறலாம் என்றனர். 2021இல் முனீர் மொராக்கோவின் சட்டையை அணிந்தார்.

இந்தியாவின் நிலை வேறு. நம் அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் விதி இரட்டைப் பிரஜாவுரிமைக்கு இடம் தருவதில்லை. இந்தியப் பாஸ்போர்ட் உடையவரே இந்தியாவுக்கு ஆடலாம் என்று 2008இல் மத்திய அரசு வகுத்த கொள்கையால், சென்னையின் விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ், அமெரிக்கப் பிரஜையாக இருந்தபடியே டேவிஸ் கோப்பையில் ஆடிவந்த வாய்ப்பை இழந்தார். இந்தியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த இசுமி அராதா வேறு வழியைத் தேர்ந்தார். பிறந்த நாட்டுப் பிரஜாவுரிமையைக் கைவிட்டு, இந்தியப் பிரஜையாகி, 2013இல் நம் கால்பந்து அணியில் ஆடினார்.